எடையும் தட்டும் – 9: ஜன்னலோரம் வளரும் இளங்கீரை

சோற்றின் அளவைக் குறைப்பது பற்றிக் கடந்த வாரம் பார்த்தோம். சோறு குறைந்தால் தட்டில் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தே எடை குறைவதும் கூடுவதும். அப்பளமும் வறுவலும் வந்து உட்கார்ந்தால் பட்ட பாடு வீண். காயும் கீரையும் வந்தால் பலன் நிச்சயம். கீரை வரிசையில் அண்மையில் சேர்ந்திருக்கும் மைக்ரோகிரீன்ஸை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

நமக்கு இது அவசரமான பேச்சு. 2015-16இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தனர். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவீதமாக உயர்ந்துவிட்டது. ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. இடையில் கழிந்தவை நான்கைந்து ஆண்டுகள் மட்டுமே.

விதையிலைப் பருவம்

விதை முளைத்ததும் முதலில் விரிபவை விதையிலைகள். அவற்றை அடுத்து முதல் ஜோடி இலை தலைகாட்டும். அந்தப் பருவத்தில், வேரை விட்டுவிட்டுத் தண்டோடு கத்தரித்து எடுக்கும் இளங்கீரையே மைக்ரோகிரீன்ஸ். பெரும்பாலான விதைகள் 7 முதல் 14 நாட்களில் இந்த நிலைக்கு வந்துவிடும். முளைகட்டிய பயறு வேறு, இது வேறு. முளைகட்டிய பயறை வேரும் விதையுமாகச் சாப்பிடுகிறோம்; இதில் இலையும் தண்டும் மட்டுமே.

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண் துறையும் இணைந்து 25 வகை மைக்ரோகிரீன்ஸை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டன. 100 கிராம் சிவப்பு முட்டைக்கோஸ் இளங்கீரையில் 147 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தது. சிவப்புத் தண்டுக்கீரையின் இளசில் வைட்டமின் கே மிகுந்திருந்தது. முள்ளங்கி இளசில் வைட்டமின் ஈ. மொத்தத்தில் முற்றிய இலையைவிட இளசில் பல வைட்டமின்கள் பல மடங்கு செறிந்திருந்தன.

கொழுப்பைக் கரைக்குமா?

2016இல் அதே வேளாண் துறை விஞ்ஞானிகள் 60 எலிகளை வைத்து இன்னொரு சோதனை நடத்தினர். கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளில் சிலவற்றுக்குச் சிவப்பு முட்டைக்கோஸின் இளங்கீரையும், சிலவற்றுக்கு முற்றிய கோஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். இளங்கீரை தின்றவற்றுக்கு எடை ஏறுவது மட்டுப்பட்டது. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தன. பாக்கெட்டுகளிலும் காணொளிகளிலும் 'கொழுப்பைக் கரைக்கும்' என்று சொல்லப்படுவதற்கு இத்தகைய ஆய்வுகளே ஆதாரம்.

ஆனால் அது எலிகளில் நடந்த சோதனை. மனிதருக்கும் அப்படியே பலிக்கும் என்று அதை வைத்து உறுதி சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: முற்றிய முட்டைக்கோஸ் தின்ற எலிகளுக்கும் எடை ஏறுவது மட்டுப்பட்டது. விலை உயர்ந்த பாக்கெட்டை வாங்க முடியவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம்.

எடை குறைய எது உதவும் என்பதை மனிதர்களிடமே செய்த ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 42 பெண்களுக்குப் பாஸ்தா சாப்பாட்டுக்கு முன் சாலட் கொடுத்தனர். 2004இல் வெளியான முடிவு இது: 100 கலோரி மட்டுமே கொண்ட 300 கிராம் சாலட்டை முதலில் சாப்பிட்டவர்கள், அந்த வேளையில் மொத்தம் 12 சதவீதம் குறைவான கலோரியோடு நிறைவடைந்தனர். அதே அளவு சாலட்டில் சீஸும் எண்ணெய் மிகுந்த கலவையும் சேர்த்தபோது 17 சதவீதம் கூடிப்போனது.

நீரும் நாரும் நிறைந்த காய்கறி, குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புகிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அதே எடையுள்ள வெள்ளரிக்காயில் 15தான். இளங்கீரையிலும் கலோரி மிகக் குறைவு. ஆனால் தோசைமேல் தூவும் ஒரு சிட்டிகைக்கு வயிற்றை நிரப்பும் வலு கிடையாது. வெள்ளரி, கேரட், தக்காளி, வெங்காயம் நறுக்கிய ஒரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி இளங்கீரையைக் கலந்து, எலுமிச்சையும் மிளகுத்தூளும் சேர்த்துச் சோற்றுக்கு முன்பே சாப்பிடுங்கள். மயோனைஸ் வேண்டாம். இளங்கீரையின் காரமும் மணமும் அந்தக் கிண்ணத்தை ருசியாக்கும். ருசி இருந்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

வேகவைத்தால் வைட்டமின் சி வீணாகும். பருப்பிலோ கூட்டிலோ சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு தூவலாம். தயிர்ப் பச்சடிக்கும் நன்றாக இருக்கும்.

வீட்டிலேயே வளர்க்கலாம்

அஞ்சறைப் பெட்டியிலேயே விதை இருக்கிறது. வெந்தயமும் கடுகும் தொடக்கத்துக்கு ஏற்றவை. அடியில் துளையிட்ட தட்டில் ஓர் அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவைப் பரப்பி ஈரமாக்குங்கள். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கடுகுக்கு அது தேவையில்லை. விதையை நெருக்கமாகத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். முளைத்ததும் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். 8 முதல் 10 நாட்களில் கத்தரிக்கலாம். உரம் வேண்டாம். வாரம் ஒரு தட்டு விதைத்தால் வரத்து நிற்காது.

சில எச்சரிக்கைகள். விதைக்கடையில் மருந்து பூசி விற்கும் விதைகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தக்காளி, கத்தரி நாற்றுகளில் நச்சு உண்டு. அவற்றைத் தொட வேண்டாம். பூஞ்சை படர்ந்த தட்டைக் கொட்டிவிடுங்கள். நல்ல நீரில் அலசிய பிறகே உண்ணுங்கள். 2011இல் ஜெர்மனியில் கிருமி தொற்றிய வெந்தய முளையால் 50 பேருக்கு மேல் இறந்தனர். பச்சையாக உண்ணும் எதிலும் சுத்தம் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இளங்கீரை அந்தக் கணக்கில் சிறு பங்கு. மீதியைச் சந்தைக் காய்களும் முளைக்கீரையும் தண்டுக்கீரையும்தான் நிரப்ப வேண்டும். இந்த வாரமே ஒரு தட்டு வெந்தயம் விதையுங்கள். அது வளரும்வரை காத்திருக்காமல், இன்று மதியமே சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் காய்கறியோடு தொடங்குங்கள்.

(தொடரும்)