ஸ்ட்ரென்த் இருக்கு, குவாலிட்டி இல்ல!

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் வர்ற முதல் ஆர்டர் என்ன? "இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைதானே, டிவி ஏன் வரலைன்னு பாரு!" தப்பிக்க முடியாது. மெக்கானிக்குக்கு விசிட் சார்ஜ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ரிமோட்டை வெச்சே பாதி விஷயத்தைக் கண்டுபிடிச்சிடலாம். (மழை கொட்டுதுன்னா எதையும் தொடாதீங்க. கேயு பேண்ட் அலைகளை மழை உறிஞ்சிடும். விட்டதும் தானா வந்துடும்.)

செட் டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போங்க. ஸ்ட்ரென்த், குவாலிட்டின்னு ரெண்டு பட்டை இருக்கும். நிறைய பேர் முதல் பட்டையைப் பார்த்தே ஏமாந்துடுறாங்க. ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியா வந்து சேருகிற மொத்த ஆற்றல். அதில் சேட்டிலைட் சிக்னலும் இருக்கும், எல்.என்.பி தானே உண்டாக்குகிற இரைச்சலும் இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல நமக்கு வேண்டிய சிக்னல் எவ்வளவு தெளிவா நிக்குதுன்னு சொல்றது குவாலிட்டிதான். எக்ஸாமுக்கு எழுதிட்டு மறந்த எஸ்.என்.ஆர் இதேதான்! சந்தேகம்னா, டிவி நல்லா ஓடும்போது டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற எல்.என்.பி வாயைக் கையால மூடிப் பாருங்க. குவாலிட்டி பூஜ்யம், ஸ்ட்ரென்த் பெரும்பாலான பாக்ஸ்களில் பூஜ்யத்துக்குப் போகாது. பயப்படாதீங்க, அது வெறும் ரிசீவர், கைக்கு ஒண்ணும் ஆகாது.

ஆக, ஸ்ட்ரென்த் இருந்தும் குவாலிட்டி இல்லைன்னா பெரும்பாலும் டிஷ் திரும்பியிருக்கு, இல்லைன்னா முன்னாடி மரக்கிளை வளர்ந்திருக்கு. டிடி ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில், சுமார் 36,000 கி.மீ உயரத்தில் நிக்குது. சென்னை மொட்டை மாடியிலிருந்து பார்த்தா அது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி ஏற்றத்தில் இருக்கும். ஆனா டிஷ்ஷோட முகம் அவ்வளவு மேல பார்க்காது, ஏன்னா அது ஆஃப்செட் டிஷ். 60 செ.மீ டிஷ்ஷோட கற்றை அகலம் ஏறக்குறைய 3 டிகிரிதான். குரங்கு ஒரு ஆட்டு ஆட்டினா போதும். ஒருத்தர் கீழே குவாலிட்டி பட்டையைப் பார்த்துக் குரல் கொடுக்க, இன்னொருத்தர் மாடியில் மயிரிழை மயிரிழையா நகர்த்தணும். கைப்பிடிச் சுவர் மேல மட்டும் ஏறாதீங்க.

ரெண்டுமே பூஜ்யமா? அப்போ கேபிள், கனெக்டர், இல்லைன்னா எல்.என்.பி. பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு எல்.என்.பி பக்கத்துக் கனெக்டரைக் கழட்டி, திரும்ப ஆன் பண்ணி, நடுக்கம்பிக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் மல்டிமீட்டரை வைங்க. சேனலைப் பொறுத்து 13 அல்லது 18 வோல்ட் டிசி வரணும். எந்த போலரைசேஷன் வேணும்னு பாக்ஸ் எல்.என்.பி-க்குச் சொல்றதே இந்த வோல்டேஜால்தான். எந்த சேனலுக்கு மாத்தினாலும் 18 வரலைன்னா, பாதி சேனல் மட்டும் காணாமப் போன மர்மமும் தீர்ந்தது.