பென்சில் முனையில் ஒரு பட்டாம்பூச்சி

பட்டாம்பூச்சி வரையச் சொன்னால் உடனே வண்ணப் பென்சில் பெட்டியைத் தேடுகிறோம் அல்லவா? இம்முறை அந்தப் பெட்டியை மூடி வையுங்கள். ஒரு சாதாரணக் கறுப்புப் பென்சிலே போதும். கையில் நிறம் இல்லாதபோது, கண் வடிவத்தையும் ஒளியையும் கூர்ந்து கவனிக்கத் தொடங்கும்.

முதலில் உடல்

நீளமாக ஓர் உடலை வரைந்து, அதன் முழு நீளத்துக்கும் இறக்கைகளை ஒட்டவைப்பது பலருடைய வழக்கம். உண்மையில் பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளால் ஆனது. நான்கு இறக்கைகளும் ஆறு கால்களும் மார்பிலிருந்துதான் புறப்படுகின்றன. இறக்கைகளை இயக்கும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. வயிற்றில் எந்த இறக்கையும் முளைப்பதில்லை. தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளின் நுனி குமிழ்போலத் தடித்திருக்கும். அவற்றை இறகுபோல வரைந்தால் உங்கள் பட்டாம்பூச்சி அந்துப்பூச்சியாகிவிடும்!

ஒரு பாதி வரைந்தால் போதும்

இடப்பக்க இறக்கைகள் வலப்பக்க இறக்கைகளின் கண்ணாடிப் பிம்பம் போன்றவை. எனவே தாளை நெடுக்காக இரண்டாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக்கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் 4பி பென்சிலால் இறக்கைகளை அழுத்தி வரையுங்கள். மீண்டும் மடித்து, தாளின் பின்புறத்தைக் கரண்டியின் முதுகால் நன்றாகத் தேயுங்கள். பிரித்துப் பார்த்தால் மறுபாதியில் மங்கலான பிம்பம் தெரியும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் படம் முழுமையாகும்.

இது எப்படி நடக்கிறது? பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அன்று. கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட். அதன் அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப்போல அறுகோணங்களாக இணைந்து தகடுகளாக அமைந்துள்ளன. ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் ஏறத்தாழ 30 லட்சம் தகடுகள் அடுக்கியிருக்கும்! தகட்டுக்குள் பிணைப்பு மிக வலுவானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே மிக நலிவானது. அதனால் லேசாக உரசினாலே தகடுகள் கழன்று தாளில் ஒட்டிக்கொள்கின்றன. தேய்க்கும்போது அவற்றுள் சில எதிர்ப்பக்கத்துக்குத் தாவுகின்றன.

கிராஃபைட் பொடியுடன் களிமண்ணைக் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு, 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் எச் வகைக் கடினப் பென்சில். கிராஃபைட் கூடினால் பி வகை மென்பென்சில்.

வேடதாரியைப் பிடியுங்கள்

இனி ஒரு சோதனை. ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு, ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளின் இலையைத் தின்று வளர்கிறது. இலையின் நஞ்சு உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அப்பூச்சியை ஒதுக்குகின்றன. கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளைத் தின்று வளரும் கறிவேப்பிலை அழகிக்கோ நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை ரோஜா அழகியைப்போலவே வேடமிட்டுப் பறவைகளை ஏமாற்றுகிறது. இரண்டுக்கும் கறுப்பு இறக்கைகள். பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளிகள், வால். வேறுபாடு உடலில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ரோஜா அழகியின் உடலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். வேடதாரியின் உடல் கறுப்பு.

சிவப்பைக் கறுப்புப் பென்சிலால் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வெளிச்ச அளவு உண்டு. வெறும் தாளில் தொடங்கி முழுக்கறுப்பில் முடியும் ஐந்து கட்டங்களை ஓரத்தில் தீட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் திட்டுக்குத் தாளை அப்படியே விடுங்கள். சிவப்புக்கு மூன்றாம் கட்டம்; இறக்கைக்கு ஐந்தாம் கட்டம். அழுத்தித் தேய்த்தால் கறுப்பு கூடும் என்று எண்ணாதீர்கள். அழுத்தம் கூடும்போது கிராஃபைட் தகடுகள் படிந்து, சிறு கண்ணாடிகள்போல ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு சாம்பலாகப் பளபளக்கும். மென்பென்சிலால் பலமுறை லேசாகத் தீட்டினால் நல்ல கறுப்பு கிடைக்கும். இப்போது இரண்டு படங்களையும் அருகருகே வையுங்கள். வேடம் கலைந்துவிடும்!

வரைவதற்காகப் பூச்சியைப் பிடித்துக் குத்திவைக்க வேண்டியதில்லை. காலை வெயிலில் உடலைச் சூடேற்ற அது இறக்கைகளை விரித்து அமர்ந்திருக்கும். அப்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பறந்துவிட்டால் பார்த்தவரை வரைந்து, அடுத்ததற்குக் காத்திருங்கள். படத்தின் கீழே நாள், இடம், செடியின் பெயர், கண்ட நிறங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். ஓராண்டில் உங்கள் தெருவின் பட்டாம்பூச்சிகளைப் பற்றி உங்கள் கைப்பட எழுதிய ஒரு நூல் உருவாகியிருக்கும்.