பொதுச் சுவரில் ஓடும் எலி

கடையை அடைத்து, மேல்மாடியில் விளக்கையும் அணைத்த பிறகுதான் அது தொடங்கும். சுவரோரம் ஒரு சுரண்டல். சற்று நேரத்தில் தலைக்கு மேல் சிலிங்கில் ஓட்டம். ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளில் இருப்பவர்களுக்கும், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான்களில் இருப்பவர்களுக்கும் இது பழகிப்போன சத்தம். விடிந்ததும் சில வெள்ளிக்கு எலி மருந்து வாங்கி, சிலிங் இடுக்கில் நான்கு கட்டியைத் தூக்கிப் போடுகிறோம். ஒரு வாரம் அமைதி, அடுத்த வாரம் நாற்றம், அடுத்த மாதம் மறுபடியும் ஓட்டம். மருந்து சரியில்லை என்று வேறு நிறத்தில் ஒன்றை வாங்குகிறோம். தவறு வரிசையில் இருக்கிறது என்பதே என் கட்சி. ஓட்டையை அடைப்பது முதல் வேலை, கொல்வது இரண்டாவது. நாமோ இரண்டாவதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

‘சுவருக்குள் எலி’ என்று சொன்னாலும், நம் ஊர்ச் செங்கல் சுவர் பெரும்பாலும் கெட்டியானது; அதற்குள் எலி ஓட இடமில்லை. ஓடும் இடங்கள் வேறு. சிலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள வெளி, குழாய் இறங்கும் பள்ளம், மரத்தூலம் சுவரில் நுழையும் பொந்து, அடுக்களை அலமாரியின் முதுகு. 1892இல் பெருந்தீ ஈப்போவின் பெரும்பகுதியை விழுங்கியது. அதற்குப் பிறகு எழுந்த கடைவீட்டு வரிசைகளில் இரண்டு கடைக்கு ஒரே சுவர். அந்தச் சுவர் கூரை ஓடு வரை எழாமல் சிலிங்கோடு நின்றுவிட்டால், வரிசை முழுவதற்கும் மேலே ஒரே சாலைதான். தோட்டத்து லயமும் அப்படியே: பத்து வீட்டுக்கு ஒரே தகரக் கூரை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எலிக்கோ தனி வளை தேவைப்படவில்லை, நம் பொது வளையே போதும். வீட்டெலி மரமேறும் இனம். குழாயையும் மின்கம்பியையும் பிடித்து மேலே வந்துவிடும். ஓர் அங்குலத்தில் பாதி இடுக்கு இருந்தால் உடம்பை நெளித்து நுழைந்துவிடும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளை போதும்.

மருந்து மலிவானது, வேலை மிச்சம் என்பார்கள். உண்மைதான், எலி வெளியில் சாகும் இடமாக இருந்தால். கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததை ஆராயப் போய், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது. இன்று கடையில் கிடைக்கும் கட்டிகள் பெரும்பாலும் அதே வழியில் வந்தவை. இரத்தத்தை உறையவிடாமல் செய்து, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கொல்பவை. தாகமெடுத்து எலி வெளியே ஓடிப்போய்ச் சாகும் என்பது கட்டுக்கதை. தளர்ந்த எலி தன் கூட்டுக்கே திரும்பும், அதாவது உங்கள் சிலிங்குக்கு. நாற்றத்தைச் சகித்துக்கொள்ளலாம், செத்த எலியை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சியை அப்படி விட முடியாது. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் வில்லியம் ஃப்ளெச்சரும் லெஸ்லரும் மலாயாவின் டைஃபஸ் காய்ச்சலை இரண்டாகப் பிரித்தார்கள். புதர்க்காட்டிலும் தோட்டத்திலும் வருவது ஒன்று, ஊருக்குள் வருவது மற்றொன்று. ஊர்க் காய்ச்சலுக்குக் ‘கடை டைஃபஸ்’ என்றே பெயர் விழுந்தது. அதைப் பரப்புவது எலித் தெள்ளு.

மருந்தை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடத்தைச் செம்பனைத் தோட்டங்கள் நமக்கு முன்பே படித்துவிட்டன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட இடங்களில் பழத்தைக் கொறிக்கும் காட்டெலி பெருகியது. ஆண்டுக்கணக்கில் வார்ஃபரின் போட்டதில் 1980களிலேயே அதற்கு அசையாத எலிகள் தென்பட்டன. இன்னும் வீரியமான மருந்துக்கு மாறியபோது, எலியைத் தின்ற கூகைகளும் செத்தன. அபசகுனம் என்று நாம் விரட்டும் அதே கூகைக்குப் பல தோட்டங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கொடுத்துக் குடிவைத்திருக்கின்றன என்பது தனிக்கதை.

சரி, ஒன்றுவிடாமல் பிடித்துக் கொன்றால்? எலி சுமந்து பெறுவது மூன்று வாரக் கணக்கு, ஈற்றுக்கு ஆறேழு குட்டி. 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் குடியிருப்புகளில் ஆய்வாளர் டேவிட் டேவிஸ் எலிகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தார். சில மாதங்களில் பழைய எண்ணிக்கை திரும்பி வந்தது. குப்பையையும் ஒளிவிடத்தையும் குறைத்த இடங்களில்தான் எண்ணிக்கை இறங்கி, இறங்கியபடியே நின்றது. கொன்றால் காசு என்று அறிவித்தும் பயனில்லை: 1902இல் ஹனோயில் பிரெஞ்சுக் காலனி அரசு எலி வாலுக்குக் காசு கொடுத்தது. சனங்கள் வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியை ஓடவிட்டார்கள், சிலர் எலி வளர்க்கவே தொடங்கினார்கள்.

ஓட்டையை அடைத்தால் உள்ளே மாட்டியவை அங்கேயே செத்து நாறுமே என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. அதனால்தான் எந்த ஓட்டை என்பது முக்கியம். அடைக்க வேண்டியது வெளிவாசல்களை. வீட்டுக்குள் இறங்கும் வழியைக் கடைசி வரை திறந்துவைக்க வேண்டும். பகலில் டார்ச் அடித்துப் பார்த்தால், எலி வழக்கமாக உரசிப் போகும் இடத்தில் கறுத்த பிசுக்குக் கோடு தெரியும். சந்தேகமான துளைக்கு முன் இரவில் மைதா மாவைத் தூவிவைத்தால் காலையில் பாதச்சுவடும் நடுவே வால் இழுத்த கோடும் இருக்கும். வெளிப்பக்கத் துளைகளில் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டு பூசலாம். பெரிய இடுக்குக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை. ஸ்ப்ரே டப்பாவில் வரும் நுரை வேண்டாம், எலிப்பல்லுக்கு அது பஞ்சு. அரிசியையும் நாய்ச் சோற்றையும் தகர டின்னுக்குள் பூட்டிவிட்டால், உள்ளே மாட்டியது தண்ணீருக்கும் தீனிக்கும் அடுக்களைக்கு இறங்கியே ஆகவேண்டும். அங்கே பொறி காத்திருக்கட்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும் என்பதால், முதல் மூன்று இரவு பொறியை விசைக்காமல் வறுத்த தேங்காயோ நெத்திலியோ வைத்துத் தின்னவிட வேண்டும். நான்காம் இரவு விசைத்தால் போதும். பொறியின் தீனிப்பக்கம் சுவரை முட்டி இருக்கட்டும்.

பூனை வளர்த்தால் போதாதா என்றால், எலி போகும் இடுக்கில் பூனை நுழையாது. சத்தம் எழுப்பும் மின்கருவிகளுக்கு எலி பழகிவிடும். அவற்றை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அமெரிக்க வணிக ஆணையம் 2001இல் எச்சரித்திருக்கிறது. பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லலாமா என்போருக்கு: பலர் வாகனமென்று சொல்லும் மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்னும் வேறு இனம். நீண்ட மூக்கோடு கீச்சிட்டுப் போவதைப் பார்த்தால் தாராளமாக விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது கடினமான ஆட்சேபம்: நான் அடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் அடைக்க வேண்டாமா, வாடகை வீட்டில் நான் ஏன் செலவழிக்க வேண்டும்? ஆனால் நோய்க்கு வீட்டு எல்லை தெரியாது. எலிச் சிறுநீரால் பரவும் எலிக் காய்ச்சல் 2010 முதல் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். பின் சந்து லோங்காங்கில் இறங்கும் சிறுநீர் எந்த வீட்டுக் கூரையிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் சேரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பொதுச் சுவரின் உச்சியில், சிலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே, உங்கள் பக்கத்திலிருந்தே கம்பி வலை அடித்துவிட்டால் அந்தச் சாலை உங்கள் எல்லையில் முடிந்துவிடும். ஏறுவதற்கு முன் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த புழுக்கையைப் பெருக்காதீர்கள். தண்ணீர் கலந்த குளோராக்ஸைத் தெளித்து, ஊறவிட்டு, துணியால் அள்ளுங்கள். பிறகு மாவைத் தூவுங்கள். ஏழு இரவு சுவடே விழவில்லை என்றால், அடுக்களையில் திறந்துவைத்த அந்தக் கடைசித் துளையையும் பூசிவிடலாம்.