கையெழுத்துப் போடலாமா, காத்திருக்கலாமா? மறைமலைநகர் குடும்பங்களின் கடினமான கணக்கு

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு பக்கம் போகிறவர்களுக்கு மறைமலைநகர் என்றாலே ஃபோர்டு தொழிற்சாலைதான் அடையாளம். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. இங்கே மட்டும் சுமார் 2,600 தொழிலாளர்கள். கொடுக்கும் செட்டில்மென்ட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதா, போராடிப் பார்ப்பதா என்பதுதான் அவர்கள் முன்னால் நின்ற கேள்வி.

2022 மே கடைசியில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜூன் மாதம் நிறுவனம் ஒரு தொகையைச் சொன்னது: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் 115 நாள் சம்பளம். அன்று தொழில் தகராறு சட்டம் சொன்ன குறைந்தபட்சம் வருடத்துக்கு 15 நாள்தான். 10 வருடம் வேலை பார்த்தவருக்கு 1,150 நாள் சம்பளம், அதாவது மூன்று வருடத்துக்கும் மேல். கேட்பவர்களுக்கு 'நல்ல தொகைதானே' என்று தோன்றும். அப்புறம் ஏன் அத்தனை பேர் மறுத்தார்கள்? பேராசையா?

இல்லை. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: நிச்சயமாக 3,000 வேண்டுமா, அல்லது 80 சதவிகித வாய்ப்பில் 4,000 வேண்டுமா? பத்தில் எட்டுப் பேர் நிச்சயமான 3,000-ஐத்தான் கேட்டார்கள். நம் ஊரில் 'இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே' என்பார்களே, அதேதான். கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். 3,000 நிச்சயம் போய்விடும். அல்லது 80 சதவிகித வாய்ப்பில் 4,000 போகும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றுமே போகாது. இப்போது 92 சதவிகிதம் பேர் துணிந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்! லாபம் என்றால் பத்திரம் பார்க்கிற மனசு, நஷ்டம் என்றால் மோதிப் பார்க்கத் துணிகிறது.

இப்போது மறைமலைநகருக்கு வருவோம். சட்டம் சொல்லும் 15 நாளோடு ஒப்பிட்டால் 115 நாள் லாபம். ஓய்வு பெறும் வயதுவரை வந்திருக்க வேண்டிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதே 115 நாள் பெரிய நஷ்டம். ஒரே காகிதம்தான். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் கையெழுத்துப் போடுவார், பக்கத்து வீட்டுக்காரர் பந்தலில் உட்காருவார். இருவரில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது.

ஆய்வுக் கேள்வியில் '80 சதவிகிதம்' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் அதை யார் கொடுப்பார்கள்? குஜராத்தின் சனந்த் ஃபோர்டு ஆலையை டாடா வாங்குவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் அதே மே மாதம்தான் கையெழுத்தானது. இங்கேயும் அப்படி யாராவது வருவார்களா என்பதற்கு எந்தச் சதவிகிதமும் கிடையாது. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்தால் அது ரிஸ்க், அதுவே தெரியாவிட்டால் நிச்சயமின்மை.

அந்த இடத்தில் என்னதான் செய்வது? 1978-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் சொன்ன வழி நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதான். எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடி அலையாமல், 'இவ்வளவு கிடைத்தால் போதும்' என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, இன்னொரு வேலை கிடைக்கும்வரை மளிகைச் செலவு. இதைக் கூட்டினால் வருவதுதான் அந்தக் கோடு. கடன் இல்லாதவருக்குக் கோடு தாழ்வாக இருக்கும், காத்திருக்கும் தெம்பும் அவருக்குத்தான் அதிகம்.

பேச்சு செப்டம்பர்வரை இழுத்து, வருடத்துக்குச் சுமார் 130 நாள் என்று முடிந்தது. கூடுதலாகக் கிடைத்த 15 நாளே சட்டத்தின் குறைந்தபட்சத்துக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். போராட்டம் வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கதை அங்கே முடியவில்லை. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக இதே ஆலையைத் திரும்பவும் பயன்படுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம். 'அன்றைக்கு அவசரப்பட்டு விட்டோமோ' என்று சிலர் வீட்டில் பேச்சு வரலாம். அது பின்புத்தி. 2022-ல் கையெழுத்துப் போட்டவர் கையில் இந்தச் செய்தி இல்லை. அன்று தெரிந்ததை வைத்துத்தான் அன்றைய முடிவை எடைபோட வேண்டும்.

தவிர, இன்ஜின் உற்பத்தி தொடங்குவது 2029-ல். அறிவிக்கப்பட்டிருப்பது 600-க்குச் சற்று அதிகமான வேலைகள். 2022-ல் 40 வயதில் வெளியே வந்தவருக்கு அப்போது 47 ஆகியிருக்கும்.