கம்பெடுக்கும் பிராயம்

கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கொங்கு நாட்டு ஊர்களிலும், மாலை வெயில் தாழ்ந்த பிறகு பள்ளி மைதானங்களிலும் கோவில் திடல்களிலும் நடைபெறும் தற்காப்புக் கலை வகுப்புகளைக் கவனித்தால், வெள்ளை உடை தரித்த கராத்தே மாணவர்களும் கம்பு சுழற்றும் சிலம்ப மாணவர்களுமாகப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே வரிசையில் நிற்பதையும், அவர்களை அழைத்து வந்த பெற்றோர் சுவரோரத்தில் செல்போனைப் பார்த்தபடி காத்திருப்பதையும் காணலாம். அந்தச் சுவரோரத்தில் நிற்பவர்களுள் ஒருவருக்கு, நாமும் கற்றுக்கொண்டால் என்ன என்ற ஆவல் பிறக்குமாயின், இந்தப் பிராயத்தில் எதற்கு என்று அதை அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. ஆனால், பிள்ளைக்கு உகந்த பள்ளியே தமக்கும் உகந்தது என்று எண்ணி அதே வரிசையின் கடைசியில் போய் நின்றுவிடுவதைக் காட்டிலும், சற்று விசாரித்துத் தேர்ந்தெடுப்பது அவருடைய முழங்காலுக்கும் உற்சாகத்துக்கும் ஒருங்கே நல்லது.

வளர்ந்தவர்கள் பயிற்சிக்கு வருவது இந்த ஊருக்குப் புதிதன்று. 1915-இல் கோவை இராமநாதபுரத்தில் பிறந்து, பின்னாளில் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சாண்டோ சின்னப்பா தேவர், இளமையில் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தியவர். 1947-இல் வெளிவந்த ஜூபிடர் பிக்சர்ஸாரின் ‘ராஜகுமாரி’ படத்தில் எம்.ஜி.ஆருடன் நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியதும் அந்தத் தேக வலிமையினால்தான். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, மல்யுத்தம் ஆகியவை, உழைத்துக் களைத்த தேகம் மாலையில் மேற்கொள்ளும் அப்பியாசமாகவே அன்று கருதப்பட்டன.

இன்று திடல்கள் பிள்ளைகளால் நிரம்பியிருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலைகளில் அளிக்கப்படும் 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்ப்பதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. 2024 ஜனவரியில் கோவை உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை இரண்டும் மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய செய்திகள். ஆயினும், பதக்கமும் சான்றிதழும் கண்ணுக்கு எதிரே நிற்கும்போது, ஆசானின் சிரத்தை முழுவதும் போட்டிக்குப் போகும் பிள்ளையின் வேகத்தின்மேல் படிவது இயற்கை. நாற்பது வயதுக்காரரின் விறைத்த இடுப்பு ஆசானின் பார்வையில் படுவதற்கு அங்கே சந்தர்ப்பம் குறைவு.

ஆகவே, எந்தக் கலை என்ற கேள்வியை நான் இரண்டாவதாகவே வைப்பேன். மூங்கில் கம்போ பிரம்போ, பிடிப்பவரின் நெற்றியை எட்டும் உயரத்தில் ஒன்று கையில் இருந்தால் சிலம்பத்தைத் தொடங்கிவிடலாம்; அது நம் ஊர்க் கலை என்பதோடு, ஒருவர்மேல் ஒருவர் விழாமல் நெடுங்காலம் பயிலக்கூடியது என்பதும் வளர்ந்தவர்களுக்குச் சாதகமானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் செழித்த களரிப்பயிற்று, தேகத்தை வளைத்துப் பழக்கும் மெய்ப்பயிற்சியில் தொடங்கி, கோல் வித்தைக்கும் அதன் பின்னரே வாள், கேடயம் முதலியவற்றுக்கும் செல்லும் நிதானமான மார்க்கம். வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா எழுபது வயதைக் கடந்தும் களரி கற்பித்துவந்து 2017-இல் பத்மஸ்ரீ பெற்றதை நினைத்தால், அந்த நிதானத்தின் பயன் விளங்கும். ஜூடோவில் தூக்கி எறியப்படுவதும் பாடத்தின் ஒரு பகுதியாதலால், விழும் முறையைப் பல வாரம் பழக்காமல் எறியவிடும் இடத்தை அறவே தவிர்க்க வேண்டும். கராத்தேயும் டேக்வாண்டோவும் தெருவுக்குத் தெரு கிடைப்பவை. அவற்றின் தரமும் தெருவுக்குத் தெரு மாறுபடும்.

முதற்கேள்வி இதுதான்: இந்தத் திடலில், வளர்ந்த பிறகு சேர்ந்து, ஓராண்டைத் தாண்டியும் தொடர்ந்து வருபவர்கள் எத்தனை பேர்? மூன்று நான்கு பேராவது இருந்தால், அந்த ஆசானுக்கு வளர்ந்தவர்களின் தேகத்தைக் கையாளத் தெரியும் என்று நம்பலாம். ஒருவரும் இல்லையென்றால், சுவரில் எத்தனை கோப்பைகள் அடுக்கியிருந்தாலும், அவருக்குக் குழந்தைகளின் தேகம் மட்டுமே பழக்கம் என்று கொள்ள வேண்டும். இதை ஆசானிடம் கேட்பதைவிட, வகுப்பு முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கும் அந்த மாணவர்களிடமே கேட்பது மேல்.

சேர்வதற்கு முன் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். மறுக்கும் இடத்துக்கு மறுபடி போக வேண்டியதில்லை. பார்க்கும்போது, நன்றாக ஆடும் மாணவனை விட்டுவிட்டு, கூட்டத்தில் மிகவும் தடுமாறுபவர்மீது கண்ணை வைத்திருங்கள். நல்ல சிலம்ப ஆசான் புதியவருக்கு முதலில் காலடியைத்தான் கற்பிப்பார், ஏனெனில் காலடி பிழைத்தால் சுழலும் கம்பு பிடித்தவரின் கணுக்காலையே பதம் பார்த்துவிடும். ஐம்பதை நெருங்கும் ஒருவர் அந்தக் காலடியைத் திரும்பத் திரும்பப் போட்டு மூச்சு வாங்கும்போது, தம்மைவிட இருபது வயது இளையவரான ஆசான் அருகில் வந்து, “அண்ணா, முட்டி புடிக்குதுங்களா? செத்த உக்காருங்க, மிச்சத்த நாளைக்குப் போட்டுக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் கால் பதித்த இடத்தில் மண்ணில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, குதிகால் எங்கே விழ வேண்டும் என்று காட்டுவாராயின், விசாரணையை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்று எல்லார் முன்னிலையிலும் கூவுபவரிடம் எந்த வயதினரும் கற்க வேண்டாம்.

நிறப் பெல்ட்டுகளைக் கண்டு மயங்குவோர் பலர். 1882-இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, தேர்ந்த மாணவர்களைப் பிரித்தறியக் கறுப்புப் பட்டியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வரிசையோ 1930-களில் பாரிஸ் நகரில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி என்பவரின் வாயிலாக ஐரோப்பாவில் பரவியது. நாள்தோறும் தம் முன்னேற்றத்தைக் காண இயலாத மாணவரை ஊக்குவிக்கும் உபாயம் என்ற அளவில் அதை நான் மதிக்கிறேன். மாதங்களைக் கணக்கிட்டு, தேர்வுக் கட்டணம் இவ்வளவு, பெல்ட்டுக்கு இவ்வளவு என்று முதல் நாளிலேயே அட்டவணை நீட்டப்பட்டால், அந்தப் பணம் வித்தைக்குச் செல்கிறதா துணிக்குச் செல்கிறதா என்று யோசிக்க வேண்டும். முதல் மாதத்துக்கு மட்டும் பீஸ் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் இடமே உத்தமம். ஓராண்டுத் தொகையை முன்கூட்டிக் கட்டியவர்கள், கட்டிய நிர்ப்பந்தத்தினால் சில வாரம் வந்துவிட்டுப் பின்பு அந்தத் தெருப்பக்கமே வராமல் போவது உண்டு.

சுகக்குறைவுகளை ஒளிக்கலாகாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய எலும்பு முறிவு, முதுகு வலி எதுவாயினும் வைத்தியரிடம் காட்டிவிட்டு ஆசானிடமும் சொல்லிவிட வேண்டும். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும்; தசைநாண்களும் மூட்டுகளும் இசைவதற்கு மாதங்கள் பிடிக்கும். எனவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு என்பது தொடக்கத்தில் போதுமானது. பெண்கள், வகுப்பில் வேறு பெண்கள் உள்ளனரா, பிடியும் பூட்டும் பழகும்போது இணை யார் என்பதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம். இக்கேள்வியைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் ஆசான் அந்தக் கணமே தகுதியிழக்கிறார்.

தூரமும் ஒரு பெரிய விஷயம். பீளமேட்டில் வேலை முடிந்து, அவிநாசி சாலையின் நெரிசலைக் கடந்து, வடவள்ளியில் உள்ள கீர்த்தி பெற்ற ஆசானிடம் போவதைவிட, வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள சுமாரான ஆசானிடம் போகிறவரே இரண்டாவது ஆண்டிலும் கம்பு பிடித்திருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் சேறாகும்போது வகுப்பு எங்கே நடைபெறும் என்றும் கேட்டுவையுங்கள்.

சேரும் காலத்தைப் பற்றி ஒரு யோசனை. கோடை விடுமுறை முகாம்களில் கூட்டம் அலைமோதும். அதற்குச் சற்று முன்னர், மாசி, பங்குனி மாதங்களில், ஆண்டுத் தேர்வுக்காகப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக வீட்டில் அடைபட்டிருக்க, திடலில் ஆசானும் நாலைந்து பெரியவர்களும் மட்டுமே இருப்பார்கள். புதிதாக வருபவரின் காலடியை ஆசான் அருகிலிருந்து திருத்துவதற்கு அந்த நாட்களே வாகானவை.