குடியிலிருந்து மீளுதல் – 9: சத்தியம் உடைந்த மறுநாள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கை நடுக்கம் நின்றுவிட்டது, தூக்கம் வருகிறது, சோறு இறங்குகிறது. போன வாரம் இந்த இடத்தில் நிறுத்தினோம். எனக்குப் பயம் தொடங்குவது இங்கேதான். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாத ஒரு மனிதர், தெருமுனையில் டாஸ்மாக்.

நம் ஊரில் இந்த நேரத்தில் கைகொடுப்பது சத்தியம். குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டுவார்கள். பிள்ளை தலையில் அடித்துச் சொல்வார்கள். கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அத்தனை நாள் குடிக்காமல் இருந்தது உண்மையான சாதனை. ஆனால் சத்தியம் உடைந்த மறுநாள் எங்கே போவது? சாமி முகத்தில் விழிக்கக் கூசுகிறது, மனைவி முகத்தில் விழிக்கவும் கூசுகிறது. அந்தக் கூச்சமே அடுத்த குவார்ட்டருக்குக் காசு தேட வைக்கிறது.

அந்த மறுநாளுக்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கும் இடம்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரம். வந்த வேலை கைகூடாமல் ஹோட்டலில் தனியாக நிற்கிறார் நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. பக்கத்திலேயே பார். அவர் அங்கே போகாமல் போனை எடுத்தார். இந்த ஊரில் என்னைப் போலக் குடியில் சிக்கிய ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைசிகிச்சை நிபுணர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். புத்திமதி கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தவருக்கு, எதிரில் இருந்தவர் தன் கதையை மட்டும் சொன்னது புதிதாக இருந்தது.

அதன் பிறகு டாக்டர் குடிக்கவில்லை. ஆனால் சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போனார்; அங்கே மறுபடி குடித்தார். திரும்பி வந்தவரை வில்சன் கைவிடவில்லை. டாக்டர் கடைசியாகக் குடித்தது அந்த ஜூன் 10ஆம் தேதி. ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவதும் அதே தேதியைத்தான். சறுக்கியவர் எழுந்த நாளில் பிறந்த அமைப்பு இது. 1957இல் இந்தியாவுக்கும் வந்தது.

கூட்டம் பெரும்பாலும் ஏதாவது சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். தான் பட்டதைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தவர் வாய் திறக்காமலே உட்கார்ந்துவிட்டு வரலாம். முகவரி கேட்பதில்லை, கட்டணம் இல்லை. முடிவில் காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள், அவ்வளவுதான். “ஸ்லிப் ஆயிட்டேன்” என்று ஒருவர் தலைகுனிந்து சொன்னால், “தொடர்ந்து வாங்க” என்பதுதான் பதில். கொஞ்ச நாள் போனதும் பழைய உறுப்பினர் ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்குக் கை துறுதுறுக்கும்போது அழைக்க ஒரு எண் இருப்பது சாதாரண விஷயமில்லை.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். கடவுள் மறுப்பாளர்கள் இதைக் கேட்டே பின்வாங்குவதுண்டு. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. கொள்கைக்காக உயிரை விட வேண்டாம், போய்ப் பாருங்கள் என்பேன்.

பலன் உண்டா? ஏ.ஏ.வுக்கு ஆட்களை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சைகளை, 27 ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் அவை மற்றச் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன.

ஏ.ஏ. கூட்டத்தை எங்கே தேடுவது? மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற மறுவாழ்வு மையங்களுக்கும் தெரிந்திருக்கும். ‘ஓப்பன்’ கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம்; ‘குளோஸ்டு’ கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த அறையில் பேசுவது கடினம். பெண்களுக்கான கூட்டம் இருக்கிறதா, இணையவழி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒன்று மட்டும் கவனம்: தினமும் குடிப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

கணவர் வரமாட்டேன் என்கிறாரா? நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்கென்றே 1951இல் உருவான அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று அங்கே சொல்லித்தரமாட்டார்கள். அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் எப்படித் தூங்குவது, பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசுவார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கிறவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள். அதன் ஆபத்தை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)