மின் ஸ்கூட்டரில் அடிபட்டால் முதல் நாளில் செய்ய வேண்டியவை

ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டதும், போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயத்தில் "நானே வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வரி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிடும். நஷ்டஈடு கேட்டுப் போகும்போது இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். மோதியது கார் என்றால் கார் என்றே சொல்லுங்கள். எண் தெரிந்தால் அதையும் பதியச் சொல்லுங்கள்.

முதலில் உயிர்

108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு 7 நாட்கள்வரை, ரூ.1.5 லட்சம்வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டமும் 2025 மே முதல் இருக்கிறது. தூக்கிவிட்டவர் மீது வழக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

அடிபட்ட பேட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். புகை, சீறும் சத்தம், சூடு தெரிந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். மோதிய வண்டியை வீட்டுக்குள் ஏற்றவோ சார்ஜ் போடவோ வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

புகாரும் ஆதாரமும்

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் பதிவு அழிவதற்குள் போலீசிடம் சொல்லுங்கள். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். "ஐயாயிரம் தர்றேன், விட்டுடுங்க" என்ற பேச்சுக்கு அந்த இடத்திலேயே தலையாட்டாதீர்கள். உள்காயம் மறுநாள்தான் தெரியவரும். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள்.

உங்கள் வண்டி எந்த வகை?

மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான வண்டி, விதிகளின்படி மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் தேவையில்லை. ஆனால் அது ஒருவர் மீது மோதினால் இழப்பீடு உரிமையாளர் கையிலிருந்துதான் போகும். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் அந்த விலக்கும் போய்விடும். அதே சிறிய வண்டியில் போகும்போது பஸ்ஸோ லாரியோ மோதினால், அந்த வாகனத்தின் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கும் முழு உரிமை உங்களுக்கு உண்டு.

நஷ்டஈடு

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ மனு போடலாம். சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, மரணத்துக்கு ரூ.5 லட்சமும் படுகாயத்துக்கு ரூ.2.5 லட்சமும் கேட்க 164-ஆம் பிரிவு வழிசெய்கிறது. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயத்துக்கு ரூ.50,000 அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

கோளாறு வண்டியில் என்றால்

பிரேக் பிடிக்கவில்லை, வண்டி தானாக வேகமெடுத்தது, பேட்டரி வெடித்தது என்றால் வண்டிதான் சாட்சி. படம் எடுக்காமல், ஜாப் கார்டு வாங்காமல் சர்வீஸ் சென்டரில் விடாதீர்கள். வண்டியில் பதிவாகியுள்ள தரவுகளை எழுத்து மூலம் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவர் மீதும் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஆலோசனைக்கு 1915.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக உரிமையைக் கைவிட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியலினத்தவருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.